காட்டைக் கணக்கெடுப்பவர்கள்



இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலை நேரம். நம் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, பிறகு பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் எஸ்.டி.பி.எம். தேறிய ஒரு பெண்பிள்ளை தன் தகப்பனாரோடு நம் வீட்டிற்கு வந்தாள். உயிரியல் பாடத்தில் நல்ல தேர்ச்சி பெற்றவள். பல்கலைக்கழகத்திற்கு மனுச் செய்யும் காலம் அது. காட்டு உயிர்களைப் பற்றிய படிப்பு ஒன்று இருக்கிறதாம். அதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"சார், எங்க தாத்தா காட்டை அழிச்சுத்தான் இந்தத் தோட்டத்தைப் போட்டாரு. காய்ச்சல்ல பாதிப் பேரு செத்தாங்க. பிள்ளையப் படிக்க வெச்சு, திரும்பவும் காட்டுக்கே அனுப்பச் சொல்றீங்களா?"

தொடர்ந்து மூன்று கேள்விகள் கேட்டார். காட்டுக்குள் போய் இவள் என்ன வேலை செய்வாள்? அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? பெண்பிள்ளை இரவில் எங்கே தங்குவாள்? மூன்றும் நியாயமான கேள்விகள். ஒன்றுக்கும் நமக்கு ஒழுங்கான பதில் தெரியவில்லை. "நல்ல படிப்புத்தான், யோசித்துச் செய்யுங்கள்" என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம். யோசித்துக்கொண்டிருந்த வேளையில் மனுச் செய்யும் கடைசி நாள் கடந்துவிட்டது. அந்தப் பெண் இன்று பக்கத்துப் பட்டணத்தில் ஒரு கடையின் கணக்கு அறையில் வேலை செய்கிறாள். அது மட்டமான வேலை அன்று. ஆனால் அவள் கேட்ட வேலை அதுவன்று.

அதற்குப் பிறகுதான் நாம் இதுபற்றி விசாரிக்கத் தொடங்கினோம். நூல்களைத் தேடிப் படித்தோம். அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்று வானொலி வழி சொல்ல வந்திருக்கிறோம்.

நம் நாட்டின் பெரிய பாதுகாக்கப்பட்ட காடு தாமான் நெகாரா என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடப்பது. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். அதாவது, ஏறத்தாழ ஆறு சிங்கப்பூர்களை உள்ளே வைக்கலாம். தியோடர் ஹப்பக் என்ற ஆங்கிலேயர் இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். அவர் முதலில் யானையையும் செலாடாங் என்னும் காட்டெருமையையும் சுட்டு வீழ்த்திய வேட்டைக்காரர், ரப்பர் பயிரிட்டவரும்கூட. விலங்குகள் குறைந்துவருவதைக் கண்ணால் கண்டவர் என்பதாலோ என்னவோ, பிற்காலத்தில் அவற்றின் பக்கம் நின்று பேசினார். 1938, 1939ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களும் சட்டமியற்றி இக்காட்டை ஒதுக்கின. அப்போது அதற்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயர். நாடு விடுதலை பெற்ற பிறகு தாமான் நெகாரா ஆயிற்று.

சட்டம் போட்டாயிற்று, எல்லை வகுத்தாயிற்று, காவலும் வைத்தாயிற்று. பிறகு உள்ளே விஞ்ஞானிகளுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஒரு தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை மரம் நிற்கிறது, எத்தனை பட்டுப்போயிற்று, எந்த நிரையில் எவ்வளவு பால், நேற்று எத்தனை அங்குலம் மழை என்று கிராணி ஏடு எழுதாவிட்டால், அந்தத் தோட்டம் நன்றாக இருக்கிறதா நலிந்து போகிறதா என்பது யாருக்குத் தெரியும்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். காடும் அப்படியே. மரங்கள் உயர்ந்து நிற்கும். உள்ளே விலங்கு ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கும். காட்டிற்கு ஏடு எழுதுகிற கிராணிகள்தாம் இந்த விஞ்ஞானிகள்.

ஏட்டில் எண் குறைவதைக் கண்டும் காலத்தில் போதிய அளவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காண்டாமிருகமே சாட்சி. சுமத்ரா காண்டாமிருகம் ஒரு காலத்தில் தீபகற்பக் காடுகளில் பரவலாக வாழ்ந்தது. அது கூச்ச சுபாவமுள்ள பிராணி, கண்ணில் படாது. அதனால் சேற்றில் பதிந்த காலடித் தடத்தைத் தேடித் தேடி, அளந்து அளந்துதான் எண்ணினார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மலேசியக் காடுகளில் இனி அது இல்லை என்று 2015ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கூறிவிட்டனர். சபாவில் பாதுகாப்பில் வைத்திருந்த ஈமான் என்ற கடைசிப் பெண் காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இறந்தது. இனி நம் பிள்ளைகள் இந்நாட்டில் அதைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

இனி, முதல் கேள்விக்கு வருவோம். இவர்கள் காட்டில் என்னதான் செய்கிறார்கள்?

மரத்திலிருந்து தொடங்கலாம், மரம் நமக்குத் தெரிந்த விஷயம். நெகிரி செம்பிலானில் ஜெலுபு மாவட்டத்தில் பாசோ என்ற ஒதுக்குக் காடு இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அந்தக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம் அளந்து 50 ஹெக்டர் நிலத்தைக் குறித்தார்கள். நம் கணக்கில் சுமார் 124 ஏக்கர். 1985ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வெப்பமண்டல ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து செய்தன. அந்த நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாத ஒவ்வொரு மரத்திற்கும், அதாவது சுண்டு விரல் பருமனுள்ள கன்றுக்கும்கூட, எண் பொறித்த அலுமினியத் தகடு கட்டினார்கள். எந்த இடத்தில் அளந்தார்களோ அந்த இடத்தைச் சாயத்தால் குறித்தார்கள்; அடுத்த முறையும் அதே இடத்தில்தான் நாடாவைச் சுற்ற வேண்டும். முதல் கணக்கில் ஏறத்தாழ 335,000 மரங்கள் வந்தன. இனங்கள் 814.

இந்த எண்ணின் அருமை தோட்டத்து மக்களுக்குத்தான் உடனே புரியும். ஏக்கருக்கு 160 பால்மரம் என்று வைத்தால், அதே 124 ஏக்கரில் ஏறத்தாழ 20,000 மரம் நிற்கும். அத்தனையும் ஒரே இனம்.

நம் பெரியவர்கள் பால்மரத்தை வெட்டுக்குத் திறப்பதற்கு முன்பு என்ன செய்தார்கள்? நாடா வைத்துச் சுற்றளவு பார்த்தார்கள். சுமார் 50 சென்டிமீட்டர் வந்தால்தான் கத்தி வைக்கலாம். பாசோவில் நடப்பதும் அதே நாடா, அதே கைவேலை. ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுபடி ஒவ்வொரு மரமாகச் சென்று அளக்கிறார்கள். எது வளர்ந்தது, எது செத்தது, எந்த விதை புதிதாக மரமாயிற்று என்பது அந்த ஏட்டில் ஏறுகிறது. ஓர் ஆள் இந்த வேலையில் இளைஞனாகச் சேர்ந்து தலை நரைக்கும்வரை இருந்தால்தான் ஒரு மெராந்தி மரத்தின் வாழ்நாளில் ஒரு சிறு பகுதியைப் பார்க்க முடியும். காட்டு மரம் பூப்பதும் ஆண்டுதோறும் நடப்பதன்று. பெருமரங்கள் சில ஆண்டுகள் சும்மா நின்று, திடீரென்று ஒரு பருவத்தில் காடு முழுவதும் ஒன்றாகப் பூத்துக் குலுங்கும். இடைவெளி இரண்டு ஆண்டாகவும் இருக்கலாம், எட்டுப் பத்து ஆண்டாகவும் இருக்கலாம். எப்போது என்று யாரும் நாள் குறிக்க முடியாது. ஆகவே, காத்திருப்பதும் இந்த உத்தியோகத்தில் ஒரு பகுதி.

அப்படிக் காத்திருந்தவர்களில் எஸ். அப்பண்ணா என்ற நம் நாட்டு விஞ்ஞானியைச் சொல்ல வேண்டும். இத்தனை பெரிய மெராந்தி மரம், ஒரே சமயத்தில் இலட்சக் கணக்கில் பூக்கிறதே, இதற்கு மகரந்தம் சுமப்பது யார் என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. தேனீக்கள் அந்த உயரத்தில் அந்த அளவுக்கு இல்லை. அவரும் எச். டி. சானும் பாசோவில் மரத்தின் உச்சிவரை ஏறி, இரவு பகலாகப் பூக்களைப் பார்த்தார்கள். 1981ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். சுமை தூக்குபவர் யார் தெரியுமா? மிளகாய்ச் செடியில் நாம் திட்டிக்கொண்டே மருந்தடிக்கிற இலைப்பேன் இனத்தைச் சேர்ந்த பூச்சி! எழுத்தில் வைக்கும் புள்ளி அளவுதான் இருக்கும்.

அது நடக்கும் விதம் கேட்கக் கேட்க வியப்பு. மாலையில் பூ மலர்கிறது; இலைப்பேன் உள்ளே புகுந்து இரவெல்லாம் இதழையும் மகரந்தத்தையும் தின்கிறது. விடிந்ததும் இதழ்கள் கழன்று சுழன்று கீழே விழுகின்றன. இலைப்பேனும் அந்த இதழோடு தரைக்கு வந்துவிடுகிறது. பகலெல்லாம் கீழே கிடக்கிறது. மறுநாள் மாலை, மேலே புதுப் பூக்கள் மலரும் நேரத்தில், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு மறுபடி உச்சிக்குப் பறக்கிறது. சில நாட்களிலேயே ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது பெருகுவதால், பூ பெருகப் பெருகப் பூச்சியும் பெருகுகிறது.

கதை இதோடு முடியவில்லை. சரவாக்கில் லம்பிர் மலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே இன மெராந்தி ஒன்றைக் கவனித்தபோது, அங்கு வண்டுகளே அந்த வேலையைச் செய்வதாகக் கண்டு 1999ஆம் ஆண்டில் எழுதினார்கள். அப்படியானால் யார் சொன்னது தவறு? யாரும் தவறில்லை. ஒரு காட்டில் கண்டதை இன்னொரு காட்டிலும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் தெரிந்தது. பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் அச்சடித்துவிடுகிறோம். அந்த வரிக்குப் பின்னால் யாரோ ஒருவர் மரத்தின் உச்சியில் தூங்காமல் இருந்திருக்கிறார்.

இதெல்லாம் படித்தவர்களுடைய பொழுதுபோக்கு, வயிற்றுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். உங்கள் வீட்டில் வயதான பாட்டி இருந்தால் கேளுங்கள். முன்பு செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளைக் கையால் தூவினார்கள். அது பெரும்பாலும் பெண்களுடைய வேலை. மரம் மரமாகப் போய், முள்ளில் கை கிழிபட்டுத் தூவ வேண்டும். ஆர். ஏ. சையது என்ற பூச்சியியல் விஞ்ஞானி, செம்பனையின் சொந்த மண்ணாகிய ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டில், அம்மரத்தின் பூவருகே உட்கார்ந்து, அங்கே யார் தூவுகிறார்கள் என்று பார்த்தார். ஒரு சின்ன மூக்குவண்டு தூவிக்கொண்டிருந்தது. அதனால் வேறு பயிருக்குத் தீங்கு வருமா என்று சோதித்த பிறகு, 1981ஆம் ஆண்டில் ஜொகூர் குளுவாங் அருகே ஒரு தோட்டத்தில் அவ்வண்டைப் பறக்கவிட்டார்கள். விரைவிலேயே நாடெங்கும் பரவிவிட்டது. கையால் தூவும் வேலை ஒழிந்தது. அது பூங்காவில் நடந்த வேலை அன்று என்றாலும், பொறுமையாகப் பார்ப்பதற்கு என்ன விலை என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு நம்மிடம் இல்லை. அந்த வேலையை நம்பியிருந்த பெண்களுக்கு அதற்குப் பதிலாக என்ன வேலை கிடைத்தது என்பது தனிக் கதை. அதை இன்னொரு நாள் பேச வேண்டும்.

இப்போது புலிக்கு வருவோம். புலியை வரிசையில் நிறுத்தி எண்ண முடியுமா? அதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகூடப் போட்டுவிடும். தோட்டத்துக் குளத்தில் எத்தனை மீன் என்று தெரிய வேண்டும். வலை வீசி 50 மீன் பிடித்து, துடுப்பில் சிறிய குறி வைத்து, திரும்பக் குளத்தில் விடுங்கள். சில நாள் கழித்து மறுபடி 40 மீன் பிடியுங்கள். அவற்றில் 10 மீன்களுக்குக் குறி இருக்கிறது. நான்கில் ஒன்றுக்குக் குறி. நாம் குறி வைத்ததோ 50. எனவே, குளத்தில் சுமார் 200 மீன்.

புலிக்கு நாம் குறி வைக்க வேண்டியதில்லை. அதன் வரிகளே குறி. மனிதனுடைய கைரேகை போல ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இராது. காட்டுப் பாதையின் இரு பக்கமும் மரத்தில் முழங்கால் உயரத்தில் தானியங்கிப் புகைப்படக் கருவியைக் கட்டுகிறார்கள். சூடான உடம்பு ஒன்று குறுக்கே நடந்தால் கருவி தானே படமெடுக்கும். இரு பக்கமும் ஏன் என்றால், புலியின் வலப்புற வரியும் இடப்புற வரியும் வேறு வேறு. தாமான் நெகாராவில் 1990களின் இறுதியில் கவனிஷி கே என்ற ஜப்பானியப் பெண் விஞ்ஞானி, நம் வனவிலங்கு இலாகாவின் துணையோடு இந்த முறையில் புலிகளைக் கணக்கெடுத்தார். 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு வளர்ந்த புலிகள் என்று கண்டார். நம் மழைக்காட்டில் புலி எவ்வளவு அரிதாக வாழ்கிறது என்பதைப் பாருங்கள். அதன் பிறகு 2016 முதல் 2020 வரை நாடு தழுவிய முதல் புலிக் கணக்கெடுப்பு நடந்தது. தீபகற்பம் முழுவதற்கும் 150 புலிகளுக்கும் குறைவு என்று முடிவு வந்தது. நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டில் உள்ளவை ஒரு சிறிய தோட்டப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை அளவுதான்.

புலிக்குக் கெடுதல் கண்ணியிலிருந்து மட்டும் வருவதில்லை. 2019ஆம் ஆண்டில் திரெங்கானு டுங்கூன் பகுதியில் ஒரு புலி கிராமத்திற்குள் வந்து தடுமாறி நடந்தது. பிடித்து வைத்தியம் பார்த்தார்கள், இறந்துவிட்டது. சோதித்தபோது, நாய்களுக்கு வரும் கொடிய தொற்றுநோய் ஒன்றின் கிருமி அதன் உடம்பில் இருந்தது. ஆகவே, இந்தத் துறைக்குக் கால்நடை மருத்துவரும் வேண்டும், கிருமி ஆய்வுக்கூடத்தில் இருப்பவரும் வேண்டும். காட்டோரத்தில் குடியிருப்பவர்கள் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடுவதும் புலிக்குச் செய்யும் உதவிதான். கேட்க வேடிக்கையாக இருக்கலாம்.

யானை விஷயம் நம் நேயர்கள் பலருக்குச் சொந்த அனுபவம். நட்ட செம்பனைக் கன்றின் குருத்தை ஒரே இரவில் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும். தோட்டத்தில் நுழைந்த யானைகளை மயக்கப்படுத்திப் பிடித்துத் தூரக் காடுகளில் விடும் வேலையை வனவிலங்கு இலாகா 1974ஆம் ஆண்டிலிருந்து செய்து வருகிறது. அதற்குப் பழக்கிய யானைகள் இருக்கும் இடம்தான் பகாங் லன்சாங் அருகில் உள்ள கோலா காண்டா. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளுக்குக் கழுத்துப் பட்டை மாட்டி, துணைக்கோளத்தின் உதவியால் அவை போகும் வழியைக் குறித்தார்கள். 2023ஆம் ஆண்டில் வெளியான அந்த முடிவு, பூங்கா இருந்தால் போதும் என்று நினைத்தவர்களைத் திடுக்கிட வைத்தது. பெரும்பாலான யானைகள் தங்கள் காலத்தில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன. அடர்ந்த காட்டைவிடக் காட்டோரத்தில் புல்லும் மூங்கிலும் இளந்தளிரும் அதிகம். யானை அதைத் தேடி வருகிறது. எல்லைக் கல்லை நட்டது நாம்தான்; யானைக்கு அது எப்படித் தெரியும்? ஆகவே, யானையைக் காப்பதற்கான திட்டத்தில் தோட்டமும் இடம்பெற வேண்டியிருக்கிறது. தோட்டத்து வாழ்க்கை தெரிந்த ஒருவர் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நமக்குத் தோன்றியது.

தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் போகிறோம். அங்குள்ள குகைகளில் தொங்கும் வௌவால்களைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். அவற்றில் ஒரு வகை தேன் குடிப்பது. 1970களில் விஞ்ஞானிகள் அதன் எச்சத்தை எடுத்து, நுண்பெருக்காடியில் வைத்து, எந்தப் பூவின் மகரந்தம் என்று பார்த்தார்கள். டுரியான் இருந்தது, பெத்தாய் இருந்தது. பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கடலோரச் சதுப்புக் காட்டு மரத்தின் மகரந்தமும் இருந்தது! டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். மற்ற நாட்களில் வௌவால் வேறு எதைக் குடித்துப் பிழைக்கும்? சதுப்புக் காட்டை அழித்தால் மலையடிவார டுரியான் காய்ப்பும் கெடக்கூடும் என்பது ஒரு துளி எச்சத்திலிருந்து தெரிந்தது. பின்னாளில் தியோமான் தீவில் ஷீமா அப்துல் அசீஸ் என்ற நம் நாட்டுப் பெண் விஞ்ஞானி டுரியான் மரத்தின் மேலே கருவி பொருத்திப் படமெடுத்து, பெரிய பழந்தின்னி வௌவாலும் அந்தப் பூவைக் கெடுக்காமல் மகரந்தம் சேர்க்கிறது என்று 2017ஆம் ஆண்டில் காட்டினார்.

மழையில் மை கரைந்துவிடும் என்பதால் காட்டில் பென்சிலால் எழுதுகிறார்கள். அங்கே எழுதும் ஏட்டைப் பற்றி ஒரு வனவிலங்கு அதிகாரி சொன்னது நம் மனத்தில் நிற்கிறது. புதிதாக வரும் பட்டதாரிகள் விலங்கைப் பார்த்த நாளில் பக்கம் பக்கமாக எழுதுவார்களாம். ஒன்றும் காணாத நாளில் ஏட்டைத் திறக்கவே மாட்டார்களாம். அப்படி விட்டால் கணக்குக் கெட்டுவிடும். நான்கு மணி நேரம் நடந்தோம், ஒன்றும் இல்லை என்பதையும் எழுத வேண்டும். தோட்ட அலுவலகத்தில் மழை அளக்கும் கிராணி, மழை பெய்யாத நாளிலும் பூஜ்யம் போடுகிறார் அல்லவா? அதுபோலத்தான்.

இந்த வேலையில் சிரமம் இல்லை என்று நாம் மழுப்ப மாட்டோம். அட்டை கடிக்கும். ஆண்டு இறுதி மழையில் ஆறு பெருகி வழி அடைபடும். நம் தாத்தாக்களைக் கொன்ற பழைய மலேரியா ஒடுங்கிவிட்டது. ஆனால் காட்டுக் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் ஒருவகை மலேரியா இன்றும் இருக்கிறது. ஆகவே, காய்ச்சல் என்றால் உடனே இரத்தம் சோதிக்க வேண்டும். வேட்டைக்காரர் நடமாட்டமும் உண்டு. அதனால் யாரும் தனியாகப் போவதில்லை; நாலைந்து பேராகத்தான் போவார்கள். உடன் வனக் காவலர் வருவார். பல இடங்களில் ஒராங் அஸ்லி மக்கள் வழிகாட்டுவார்கள். ஒரு மடங்கிய புல்லைப் பார்த்து எந்த விலங்கு எப்போது போயிற்று என்று சொல்லும் அவர்களிடம் டாக்டர் பட்டம் பெற்றவர்களும் பாடம் கேட்கிறார்கள். மாதத்தில் சில நாட்கள் கூடாரத்திலோ ஆய்வு நிலையத்திலோ தங்கல். மற்ற நாட்கள் அலுவலகத்தில் கணினியின் முன்னால். பெண்கள் இத்துறையில் இருக்கிறார்களா என்பதற்கு மேலே சொன்ன இரண்டு பெயர்களே போதும்.

சம்பளம் கொடுப்பவர் யார்? தீபகற்பத்தில் முதன்மையானது பெர்ஹிலித்தான் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகா. சபா, சரவாக்கில் தனி அமைப்புகள் உண்டு. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம், பல்கலைக்கழகங்கள் ஆகியவையும் ஆட்களை எடுக்கின்றன. அரசாங்க உத்தியோகம் என்றால் நிலையான மாதச் சம்பளமும் மருத்துவ வசதியும் உண்டு. தனியார் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம்தான். பணம் முடிந்தால் வேறு திட்டம் தேட வேண்டும். இதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பட்டம் பெற்றால்தான் நுழையலாம் என்பதில்லை. எஸ்.பி.எம். முடித்தவர் வனக் காவல் பணிக்கும், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா உள்ளவர் துணை அதிகாரி நிலைக்கும், பட்டதாரி அதிகாரி நிலைக்கும் மனுச் செய்யலாம். இவற்றுக்குப் பொதுச் சேவை ஆணையத்தில் இணையம் வழி பெயர் பதிந்து வைக்க வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்கள், அவற்றில் உயிரியல் முக்கியம். கணிதத்தைக் கைவிடக் கூடாது. மேலே பார்த்தபடி, இது எண்ணும் வேலை. மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் அரசாங்க உத்தியோகம் இல்லை. நம் பிள்ளைகள் பலர் மற்றப் பாடங்களில் தேறியும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். ஆங்கிலம் ஆய்வு நூல்களைப் படிக்க வேண்டும். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் வனவியலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒரு புலம் இருக்கிறது. சபா பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல உயிரியலுக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும் ஒரு கழகம் இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. வழியாக மனுச் செய்ய வேண்டும். தேதியைப் பள்ளியில் கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வீட்டில் யோசனை நடந்துகொண்டிருந்தாலும் மனுவைப் போட்டுவிடுங்கள். இடம் கிடைத்த பிறகும் யோசிக்கலாம்.

இந்தப் பேச்சை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் அந்தப் பெண்ணின் தகப்பனாரைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் பார்த்தோம். அவருடைய மூன்று கேள்விகளுக்கும் பதிலைச் சொன்னோம். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, சார்" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. அவருடைய இளைய மகன் இப்போது நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்கள் படிக்கிறானாம். மலாய் மொழிதான் கொஞ்சம் தடுமாற்றமாம். சனிக்கிழமை காலையில் அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.